செகண்ட் முள் இல்லாத வாட்ச் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்மார்ட் வாட்ச்சா, முள் வாட்ச்சா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாக நடக்கும் வாதத்தை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். சாவி கொடுக்கும் வாட்ச்சுக்கு உயிர் இருக்கிறது என்கிறார் ஒருவர். நேரம் பார்க்க மட்டும் ஒரு பொருள் எதற்கு என்கிறார் இன்னொருவர். இத்தனை கடிதங்களில் செகண்ட் முள்ளைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. நான் 34 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த முள்ளை நம்பியே என் காலம் ஓடியது. அதனால் எழுதுகிறேன்.

1982இல் பயிற்சியில் சேர்ந்தபோது எங்கள் ட்யூட்டர் சிஸ்டர் முதல் நாளே வரிசையில் நிற்க வைத்து மணிக்கட்டைப் பார்த்தார். செகண்ட் முள் இல்லாதவள் வார்டுக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலூர் லாங்கு பஜாரில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனேன். பெண்களுக்கான வாட்ச் எல்லாம் மிளகு அளவு டயல், இரண்டே முள். கடைசியில் யாரோ விற்றுவிட்டுப் போன, சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா வாட்ச் ஒன்றை 120 ரூபாய்க்கு வாங்கினேன். ஆண்கள் கட்டுவது. என் கையில் வளையல் மாதிரி சுற்றியது. பஸ் ஸ்டாண்டு அருகே செருப்பு தைப்பவரிடம் கொடுத்து வாரில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். ஹாஸ்டலில் அதற்கு ‘ஆம்பளை வாட்ச்’ என்றே பெயர்.

அந்த வாட்ச் என்ன வேலை செய்தது என்று சொல்கிறேன். 500 மில்லி சலைன் 5 மணி நேரத்தில் இறங்கவேண்டும் என்று டாக்டர் எழுதியிருப்பார். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட் என்றால் நிமிடத்துக்கு 33 சொட்டு. சொட்டு விழும் குழாய்க்குப் பக்கத்தில் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்தால் சொட்டும் முள்ளும் ஒரே பார்வையில் படும். நாடி பார்ப்பதும் அப்படித்தான். ஒழுங்காக அடிக்கிற நாடி என்றால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கலாம். தாறுமாறாக அடித்தால் முழு நிமிடம் எண்ணியே ஆகவேண்டும். மூச்சை எண்ணுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், நாடி பார்ப்பதுபோலவே மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவோம். ஓரக்கண்ணில் முள் ஓடிக்கொண்டிருக்கும்.

எது துல்லியம் என்று உங்கள் வாசகர்கள் சண்டை போடுகிறார்களே, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் ஜனதா ஒரு நாளைக்கு அரை நிமிடம் வரை பின்தங்கும். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சில் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, அது மாதத்துக்குச் சில வினாடிதான் பிசகும். போனோடு இணைந்த வாட்ச் பிசகவே பிசகாது. எல்லாம் சரி. ஆனால் நாளுக்கு அரை நிமிடம் என்பது ஒரு நிமிடத்துக்கு 0.02 வினாடி. நாடி எண்ணுகிற ஒரு நிமிடத்தில் அது ஒன்றுமே இல்லை. எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு நிமிடம்தான்.

இனி என் தம்பி கதை. ஆற்காட்டில் இருக்கிறான், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அவனிடம் 19 எச்.எம்.டி. வாட்ச் இருக்கிறது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்று பெயர் சொல்லிக் காட்டுவான். 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு தொடங்கிய அந்த வாட்ச் உற்பத்தியை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தபோது வீட்டில் துக்கம் நடந்ததுபோல் உட்கார்ந்திருந்தான். ஞாயிறு காலையில் ஒவ்வொன்றாகச் சாவி கொடுப்பான். அவனைப் போலவே நாலைந்து நண்பர்கள் டீ குடிக்க வருவார்கள். மணிக்கு 18,000 முறை துடிக்கும், வினாடிக்கு ஐந்து, காதில் வைத்துக் கேளு அக்கா என்பான். உண்மையிலேயே அழகான சத்தம்தான்.

போன காணும் பொங்கலுக்கு அங்கே போயிருந்தேன். அவன் மகன் 1,800 ரூபாய்க்கு வாங்கிய ஸ்மார்ட் வாட்ச்சை விளையாட்டாக அப்பா கையில் கட்டிவிட்டான். துடிப்பு 94 என்றது. அப்புறம் 131. அப்புறம் 118. “பாருக்கா, இந்தப் பொம்மை உளறுது” என்று தம்பி சிரித்தான். நான் முள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போய் அவன் வலது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தேன். இடது கையில் அவன் கட்டியிருந்த பைலட்டின் முள்ளைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். இரண்டு வேகமாக அடித்தது. ஒரு இடைவெளி. ஒன்று மெலிதாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல. பிறகு மூன்று சேர்ந்தாற்போல. எந்த ஒழுங்கும் இல்லை. முழு நிமிடம் எண்ணினேன், 116. படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். ஒரு மாதமாகவே வாங்குகிறது, வயசாயிடுச்சு என்று விட்டுவிட்டேன் என்றான்.

அன்று மாலையே வேலூருக்குக் கூட்டி வந்து ஈ.சி.ஜி. எடுத்தோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார் டாக்டர். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான்.

அந்த ஸ்மார்ட் வாட்ச்சுக்கு நான் நன்றி சொல்கிறேன். அது கூப்பிடாவிட்டால் நான் கத்தரிக்காயைத்தான் நறுக்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அது காட்டியது எண்ணை மட்டும். அடியில் எரியும் பச்சை விளக்கின் ஒளியை ரத்தம் உறிஞ்சுகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த அளவு மாறுவதை வைத்துக் கணக்கிடுகிறது. வார் தளர்ந்தாலும், கை ஆடினாலும், கை சில்லிட்டிருந்தாலும் கணக்கு தப்பும். அதனால் எண் குதித்தால் வாட்ச் கெட்டுப்போச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள். என் தம்பியும் அதைத்தான் நினைத்தான். குதிப்பது வாட்ச்சா, நாடியா என்று பிரித்துச் சொன்னது விரலும் செகண்ட் முள்ளும்.

தம்பியின் நண்பர்கள் இன்னும் ஸ்மார்ட் வாட்ச்சை வாட்ச் என்று ஒத்துக்கொள்வதில்லை. அவர்களிடம் நம் லாங்கு பஜார் மணிக்கூண்டைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். வேலூரிலிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனதாகவும் 14 பேர் உயிர் கொடுத்ததாகவும் அங்கே கல்வெட்டு இருக்கிறது. அந்தப் போருக்கு முன்னால் ஐரோப்பாவில் ஆண்கள் பெரும்பாலும் பையில் வைக்கும் கடிகாரம்தான் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை என்று கேலி பேசினார்கள். பதுங்குகுழியில் துப்பாக்கியோடு நிற்பவனால் பையைத் துழாவ முடியவில்லை, அதனால் கையில் கட்டத் தொடங்கினார்கள். நீங்கள் போற்றுகிற கைக்கடிகாரத்தையும் ஒரு காலத்தில் கடிகாரமே இல்லை என்று சொன்னவர்கள் உண்டு.

ஸ்மார்ட் வாட்ச் விற்பவர்களிடமும் எனக்கு ஒரு கோபம் உண்டு. மலிவு வாட்ச்சில்கூட ரத்த அழுத்தம் காட்டுகிறது என்று விற்கிறார்கள். எங்கள் சத்துவாச்சாரி தெருவில் ஒருவர் இரண்டு வாரம் வாட்ச்சில் 122/80 என்று பார்த்துவிட்டு, தானாகவே மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். தலைவலி என்று வந்தவருக்குக் கையில் பட்டை கட்டிப் பார்த்தேன், 180/110. சர்க்கரை காட்டும் வாட்ச் என்றும் விற்கிறார்கள். ஊசி குத்தாமல் தானே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச் எதற்கும் அனுமதி தரவில்லை, நம்பவேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. வாசகர்கள் தயவுசெய்து இதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் எழுத உடனடிக் காரணம் தம்பி மகள். இந்த வருடம் பி.எஸ்சி. நர்ஸிங் சேர்ந்திருக்கிறாள். ஸ்மார்ட் வாட்ச் கூடாது, செகண்ட் முள் உள்ள வாட்ச் வேண்டும் என்று கல்லூரிப் பட்டியலில் போட்டிருந்தார்கள். அவளுக்கு வருத்தம். ஒரு வேலை செய்து பாரு என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் ஸ்மார்ட் வாட்ச்சில் நிமிடம் பார்க்கச் சொன்னேன். பாதியில் திரை அணைந்தது. கையைத் திருப்பி எழுப்புவதற்குள் எண்ணிக்கை போய்விட்டது. மறுபடி எழுப்பினால் 37ஆவது வினாடியில் தொடங்கினேனா 47இல் தொடங்கினேனா என்று குழம்பினாள். முள்ளில் இந்தச் சிக்கல் இல்லை. கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்தால் ஒரு நிமிடம்.

சரி என்று இருவரும் வேலூரில் ஒரு கடைக்குப் போனோம். பெண்களுக்கான வாட்ச் இரண்டு தட்டு நிறைய எடுத்து வைத்தார்கள். கல் வைத்தது, ரோஜா நிறம், வளையல் மாதிரியானது. பாதிக்கு மேல் இரண்டே முள், பலவற்றில் எண்கூட இல்லை. செகண்ட் முள் இருந்த ஒன்றிரண்டிலும் அது தலைமுடி போல, இரவு விளக்கில் தெரியவே தெரியாது. பெண்கள் நேரம்தானே பார்க்கப்போகிறார்கள் மேடம் என்றார் கடைப் பையன். அவனைச் சொல்லி என்ன பயன். 1984இல் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் டாடாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி ஓசூரில் ஆலை அமைத்த மாநிலம் இது. நர்ஸுகளை ஊர் ஊராக அனுப்பி வைக்கும் மாநிலமும் இதுதான். சின்ன மணிக்கட்டுக்கு ஏற்ற, பெரிய எண் போட்ட, சிவப்பு செகண்ட் முள் வைத்த வாட்ச்சை விலை குறைவாகச் செய்து, எல்லாக் கடைத் தட்டிலும் முன்னால் வைக்கும்படி வாட்ச் தயாரிக்கும் எல்லோரையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அவளுக்கு ஆண்கள் தட்டிலிருந்து வெள்ளை டயல் குவார்ட்ஸ் ஒன்று எடுத்தோம். கையில் சுற்றியது. வரும் வழியில் வாரில் இரண்டு ஓட்டை போட்டு வாங்கி வந்தோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.