ஞாயிறு கலந்துரையாடல்: காய்ச்சல் விட்ட டெங்கு நோயாளி

அனைவருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மாலை 4 மணிக்கு வெள்ளவத்தையில் வழமையான இடத்தில் கூடுவோம். மழை தொடங்கிவிட்டது, வாட்டில் டெங்கு நோயாளர்களும் கூடுகிறார்கள். அதனால் தலைப்பு அதுதான்.

யோசித்துக்கொண்டு வர ஒரு கேஸ். வளர்ந்தவர், காய்ச்சலின் 5ஆம் நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டாருக்கு நிம்மதி. பிரஷர் 100/82, நாடி 116, கை கால் குளிர்கிறது. மேல் எண் 100 இருக்கிறதே என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதீர்கள். இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 18தான். 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை (ஷாக், உறுப்புகளுக்குப் போதிய குருதி போகாத நிலை) என்றே எடுக்க வேண்டும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் குருதிக்குழாய்களிலிருந்து பிளாஸ்மா (குருதியின் திரவப் பகுதி) கசியத் தொடங்கும், பொதுவாக 24 முதல் 48 மணித்தியாலம் வரை.

அடுத்து என்ன பார்ப்பீர்கள், சிறுநீர் அளவா, பிசிவியா (குருதியில் சிவப்பணுக்களின் விகிதம்)? வைத்தியரை அழைத்தால் முதல் வசனம் என்ன? பதிலோடு வாருங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் (எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்).

சரி, இன்னொன்று: உண்மையான நோயாளரின் பெயர், கட்டில் இலக்கம், படம் எதையும் இங்கே போடாதீர்கள். வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.