துளைக்கப்பட்ட கட்டடம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனாவின் சோங்கிங் நகரில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நடுவே ரயில் நுழைந்து செல்லும் படம் அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியாகியிருந்தது. குடியிருப்பைத் துளைத்துப் பாதை அமைத்ததாக அதன் கீழ் அச்சாகியிருந்த குறிப்பு உண்மைக்கு மாறானது.

படத்தில் இருப்பது அந்நகர மெட்ரோவின் இரண்டாம் வழித்தடத்திலுள்ள லிசிபா நிலையம். 2005ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பட்ட இவ்வழித்தடத்துக்காக எந்த வீடும் குடையப்படவில்லை. 19 தளங்கள் கொண்ட அந்தக் கட்டடமும் நிலையமும் ஒன்றாகவே திட்டமிடப்பட்டு, ஒன்றாகவே எழுப்பப்பட்டன. ஒருபுறம் ஜியாலிங் ஆறும் கரையோரச் சாலையும், மறுபுறம் செங்குத்தான மலைச்சரிவுமாக நிலம் மிகவும் ஒடுங்கிய இடம் அது. நிலையத்துக்கென்றும் வீடுகளுக்கென்றும் தனித்தனியே இடம் ஒதுக்க வழியில்லாததால், கீழ்த்தளங்களைக் கடைகளுக்கும், 6 முதல் 8 வரையிலான தளங்களை நிலையத்துக்கும், மேல்தளங்களைக் குடியிருப்புக்கும் என வகுத்தனர்.

கட்டுமானத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது, படத்தில் எளிதில் புலப்படாத ஓர் ஏற்பாடு. ரயில் பாதையைத் தாங்கும் ஆறு தூண்களும் கட்டடத்தின் தூண்களோடு எங்கும் இணைக்கப்படவில்லை. மிக நெருங்கும் இடத்திலும் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 செ.மீ. இடைவெளி விடப்பட்டுள்ளது. ரயிலின் எடையும் அதிர்வும் தனித் தூண்கள் வழியே தரைக்கு இறங்கிவிடுவதால், மேலே குடியிருப்போரின் சுவர்களையும் தளங்களையும் அவை நேரடியாகச் சென்றடைவதில்லை. மேலும், இது இரும்புத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலும் அன்று. ஜப்பானியத் தொழில்நுட்பத்தைக் கொண்டு அமைக்கப்பட்ட மோனோ ரயில். கான்கிரீட் உத்தரத்தின் மேல் ரப்பர் சக்கரங்களில் ஓடுகிறது. இரைச்சல் குறைவு என்பதோடு, செங்குத்தான ஏற்றங்களிலும் குறுகிய வளைவுகளிலும் ஓடக்கூடியது என்பதாலும் இந்த மலைநகருக்கு அது பொருத்தமாக அமைந்தது. லிசிபாவை அடுத்துள்ள ஃபோடுகுவான் நிலையத்தை நோக்கிப் பாதை மலையேறுவதைப் பார்ப்பவருக்கு இத்தேர்வின் காரணம் விளங்கும்.

இன்று அந்நிலையத்தைக் காண வரும் கூட்டத்துக்கெனக் கீழே பார்வையாளர் தளமே அமைத்திருக்கிறார்கள். ரயிலை விழுங்குவதுபோல் வாயைத் திறந்து படம் எடுத்துக்கொள்வோரின் மகிழ்ச்சியில் குறை காண எனக்கு விருப்பமில்லை. ஆனால், கட்டடக் கலைஞர்களும் ரயில்வே பொறியாளர்களும் தொடக்கத்திலேயே ஒன்றாக அமர்ந்து தீர்த்த ஒரு சிக்கலை, மக்களின் வீடுகளை இடித்துப் புகுந்த வன்செயலாக வாசகர்கள், குறிப்பாக மாணவர்கள், புரிந்துகொள்ளக் கூடாது என்பதே என் கவலை.

எனவே, நிலையத்தின் பெயரையும், கட்டடமும் நிலையமும் சேர்ந்தே கட்டப்பட்டவை என்ற விவரத்தையும் குறிப்பிட்டு, ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி.