கடிகார ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முக்குளிப்பவர்களுக்கென உருவான பழைய டைவ் வாட்சுகளின் சாயலில் இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஹோமேஜ் கடிகாரங்களை ஆராய்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இந்த ஆண்டுக் கூட்டங்களில் பெரும்பாலானவை அதற்கே செலவாயின.

முதலில் மூலக் கடிகாரங்களைப் பார்த்தோம். 1953இல் பிளாங்பா வெளியிட்ட ஃபிஃப்டி ஃபாதம்ஸ், அதே காலத்தில் உருவான ரோலெக்ஸ் சப்மரைனர், 1965இல் வந்த சீகோ 62மாஸ், 1967இல் ஆரஞ்சு டயலுடன் வந்த டாக்ஸா சப் 300 ஆகியவற்றைப் படங்களுடன் விளக்கிய உறுப்பினர்களுக்கு நன்றி. பிளாங்பாவை அப்போது நடத்திவந்த ஜான்-ஜாக் ஃபிக்டர் தாமே முக்குளிப்பவர் என்பதால், டயலைச் சுற்றி அமைந்து, கடலுக்கடியில் கழிந்த நிமிடங்களைத் தவறாமல் காட்டும் சுழல் வளையத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று நாம் அழகென்று ரசிக்கும் தடித்த முட்களும் பெரிய புள்ளிகளும் கலங்கிய நீரில் மணி பார்ப்பதற்காக வந்தவையே.

ஆகவே ஒரு ஹோமேஜ் மூலத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பாராமல், மூலம் செய்த வேலையை அது செய்கிறதா என்று பார்ப்பதென முடிவு செய்தோம். டைவ் வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற பன்னாட்டுத் தரநிலை குறைந்தது 100 மீட்டர் ஆழத்தையும், குறிப்பிட்ட ஆழத்தைக் காட்டிலும் 25 விழுக்காடு கூடுதலான அழுத்தச் சோதனையையும், இருளில் 25 செ.மீ. தொலைவிலிருந்து மணி தெரிவதையும் கேட்கிறது. டயலில் 200 மீட்டர் என்று அச்சிட்டிருக்கும் மலிவுக் கடிகாரங்களில் பல இத்தரநிலையைக் குறிப்பிடுவதே இல்லை. எண்ணை மட்டும் நம்பி நீரில் இறங்க வேண்டாம் என்பதே செயற்குழுவின் கருத்து.

இருட்டறையில் நடத்திய அமர்வே இவ்வாண்டில் மிகுந்த பயனளித்தது. எல்லாக் கடிகாரங்களையும் ஒரே விளக்கொளியில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தபோது, பச்சையாக ஒளிர்ந்த டயல்கள் நெடுநேரம் தெளிவாகத் தெரிந்தன. பழமைத் தோற்றத்துக்காகப் பழுப்பு நிறம் ஏற்றப்பட்டவையோ விரைவிலேயே மங்கின. இருளில் ஒளிர்வதற்காக அக்காலத்தில் இட்ட ரேடியப் பூச்சு பல ஆண்டுகளில் தானாகப் பழுப்பேறியது. இப்போதைய பூச்சில் கதிரியக்கமே இல்லை. வராத முதுமையை வண்ணத்தில் காட்டுவதற்காக ஒளியை இழப்பது தேவையற்ற ஒப்பனை என்றே நான் கருதுகிறேன். உறுப்பினர்கள் சிலர் இதை இன்னமும் ஏற்கவில்லை.

வளையம் பற்றியும் நீண்ட விவாதம் நடந்தது. 62மாஸின் வளையம் இரு பக்கமும் சுழலும். இன்றைய ஹோமேஜ்களில் பெரும்பாலானவை ஒரு பக்கம் மட்டும் சுழலும் வளையத்துடன் வருகின்றன. அது தற்செயலாகத் தட்டுப்பட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டியே காட்டும் என்பதால் முக்குளிப்பவர் முன்னதாகவே மேலேறுவார். மூலத்திலிருந்து விலகிய இந்த இடத்தில் நகலே மேல் என்பதில் ஒருமித்த கருத்து ஏற்பட்டது.

பொறியைப் பொறுத்தவரை, ஹோமேஜ்கள் பலவற்றில் இருப்பது சீகோ குழுமத்தின் என்ஹெச்35 என்ற தானியங்கிப் பொறி. நாளொன்றுக்கு 20 வினாடி பிந்துவதிலிருந்து 40 வினாடி முந்துவது வரை அதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு. பழுதானால் எளிதில் மாற்றலாம் என்பது அதன் பெரிய பலம்.

உறுப்பினர் ஒருவரின் புதுக் கடிகாரத்தில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தது. பின்மூடியைத் திறந்து பார்த்தபோது நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் அதற்குரிய பள்ளத்தில் சரியாக அமராமல் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது தெரிந்தது. இதையடுத்து, நீரில் பயன்படுத்தவிருக்கும் கடிகாரங்களை முன்கூட்டியே அழுத்தச் சோதனைக்கு அனுப்புமாறு அனைவரையும் கேட்டுக்கொண்டோம்.

தன் பெயரைத் தாங்கி வரும் ஹோமேஜை வரவேற்பது, பிறர் பெயரைப் பொறித்து வரும் போலியைச் சங்கக் காட்சிமேசையில் அனுமதிப்பதில்லை என்ற விதியைச் செயற்குழு முன்மொழிகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். அவ்விதியையும் இவ்வறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்