நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மருந்து?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பேச்சு எப்படியோ ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. மலேரியா அதிகமுள்ள ஊர்களில் கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருமுன்பே மருந்து கொடுக்கிறார்கள் என்றேன். உடனே ஒரு மாமா, "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மருந்து? பாவப்பட்ட சனங்களை வச்சு சோதனை பண்றானுங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கேக் வெட்டும் நேரம், அதனால் அங்கே வாயை மூடிக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

சோதனையெல்லாம் முடிந்து 2010இலேயே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முறை இது. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் என்கிற பழைய மலேரியா மாத்திரைதான். அந்தப் பரிந்துரைப்படி 10 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று தடுப்பூசிக்கு வரும்போதே சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் வயதில் மலேரியா சுமார் 30 விழுக்காடு குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. முழுப் பாதுகாப்பு கிடையாது, கொசுவலையை மடித்து வைத்துவிட முடியாது.

அங்குள்ள தாய்மார்களுக்கும் பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பழகிய கிளினிக், ஊசி போடும் அதே மிஸ்ஸி (தாதி), அதே நாள் என்பதால் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஊசியும் மாத்திரையும் ஒன்றுதான் என்று சிலர் நினைத்துவிட்டால், பிறகு பிள்ளைக்கு மலேரியா வரும்போது ஊசி மேலேயே சந்தேகம் வந்துவிடும். அதனால் இது வேறு, அது வேறு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் நம் மலேசியத் தோட்டங்களில் அப்படி யாரும் சொல்லவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கொயினா என்கிற மலேரியா மாத்திரை கொடுப்பார்களாம், என் பாட்டி கசப்புத் தாங்காமல் நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்து வேலிப் பக்கம் போய்த் துப்பிவிடுவாராம். எதற்கு இந்த மாத்திரை என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. 2018இலிருந்து சில ஆண்டுகள் இந்த நாட்டில் உள்ளூரில் தொற்றிய மனித மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை, குரங்கிடமிருந்து வரும் வகைதான், அதுவும் பெரும்பாலும் சபா, சரவாக்கில். நோயை மறந்த பிறகு அடுத்தவன் பிள்ளையின் மருந்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது நமக்குச் சுலபமாகிவிட்டது.

அப்புறம், அந்த மாமாவின் பேரனுக்குப் போன மாதம்தான் ஒன்பது மாத ஊசி போட்டார்கள். பிள்ளை அன்றைக்கு நல்லாத்தான் இருந்தான்.

ஓய்வுபெற்ற தாதி,
பட்டர்வொர்த், பினாங்கு