பிட்டை விட்ட பிள்ளை

ஆசிரியருக்கு,

என் மகள் 5000 மீற்றர் ஓடுகிறவள். போன வருடம் பயிற்றுநர் ஒருவர், "இரண்டு கிலோ குறைத்தால் வேகம் வரும்" என்றார். இரவில் பிட்டை விட்டாள், பிறகு முட்டையையும். முதல் இரண்டு மாதம் ஓட்ட நேரம் குறையத்தான் செய்தது, நாங்களும் சந்தோசப்பட்டோம். அப்புறம் மாதவிலக்கு நின்றது. "கடும் பயிற்சி என்றால் அப்படித்தான்" என்றார்கள். தாயாக இருந்தும் நம்பினேன். ஐந்தாம் மாதம் கணைக்கால் எலும்பில் வெடிப்பு.

ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதாவிட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வலுவிழக்கும் என்று வைத்தியர் விளக்கினார். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலேயே இதற்கு ரெட்-எஸ் (RED-S, விளையாடுகிறவர்களுக்கு வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்துவிட்டது. ஆண் பிள்ளைகளுக்கும் வருமாம். அமெரிக்க ஓட்டக்காரி மேரி கெய்ன் 2019இல் சொன்னதும் இதே கதைதான்: எடையைக் குறைக்கச் சொன்ன நெருக்கடியில் 3 வருடம் மாதவிலக்கு இல்லை, 5 எலும்புகள் முறிந்தன.

பயிற்றுநர்களே, பிள்ளைகளின் எடையை எல்லோர் முன்னாலும் உரத்து வாசிப்பதையாவது நிறுத்துங்கள். மாதவிலக்கு பற்றிக் கதைக்க ஒரு பெண் ஆசிரியை இருக்கட்டும். மகள் இப்போது பிட்டும் முட்டைப்பொரியலும் வடிவாகச் சாப்பிடுகிறாள். போன கிழமைதான் மெல்ல ஓடத் தொடங்கினாள்.

ஓட்டக்காரி ஒருத்தியின் தாய்,
கோண்டாவில்