ஒசாகாவிலிருந்து அப்பாவுக்கு

ஒசாகா,
மே 12.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் பாட்டியும் நலமா? நான் டோக்கியோவை விட்டு ஒசாகாவுக்கு மாறுகிறேன் என்றதும், "எல்லாம் ஒரே ஜப்பான்தானேடா" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. வந்து இரண்டு மாதம் ஆன பிறகு சொல்கிறேன்: ஒன்றில்லை.

மின்வாரியத்தில் முப்பது ஆண்டுகள் லைன்மேனாகக் கம்பம் ஏறிய உங்களுக்கு முதலில் மின்சாரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். நம் நாட்டில் எங்கே போனாலும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். இங்கோ டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60. 1890-களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்தும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அன்று பிரிந்தது இன்றுவரை சேரவில்லை. 2011 மார்ச் மாத நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோ வட்டாரத்தில் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தியபோதும், ஒசாகா இருக்கும் மேற்குப் பக்கத்திலிருந்து சுமார் 1000 மெகாவாட்டுக்கு மேல் 60-ஐ 50 ஆக மாற்றி அனுப்ப வழியில்லாமல் போயிற்று. நான் டோக்கியோவில் பழைய பொருள் கடையில் வாங்கிய மைக்ரோவேவ் அடுப்பின் பின்புறம் '50 மட்டும்' என்று ஒட்டியிருந்ததை, அதை ஒசாகாவுக்குச் சுமந்து வந்த பிறகே கவனித்தேன். லைன்மேன் மகன் செய்கிற காரியமா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

இரு பக்கத்துக்கும் எல்லை ஃபுஜி ஆறு. புல்லட் ரயிலில் வரும்போது வலப்பக்கச் சன்னலில் ஃபுஜி மலை தெரிந்ததும் எழுந்து நின்று அந்த ஆற்றைப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் மலையைப் பார்ப்பதாக நினைத்திருப்பார். ரயிலுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. வழி நெடுகிலும் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும்படி கிழக்குப் பகுதியில் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிறார்கள்.

மனிதர்களிடமும் இந்த மாற்றம் தெரிகிறது. டோக்கியோவில் நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பார்கள், இங்கே வலப்பக்கம். முதல் வாரம் முழுக்க நான் பிறர் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். ஒரே நிறுவனத்தின் கிண்ண நூடுல்ஸைக்கூடக் கிழக்குக்கு ஒரு ருசியும் மேற்குக்கு ஒரு ருசியுமாகச் செய்து விற்கிறார்கள். டோக்கியோவில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தும் எதிர்வீட்டுக்காரரின் குரலை நான் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அடுத்தவருக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது என்ற எண்ணம் அங்கே அவ்வளவு வலுவாக இருக்கிறது. இங்கோ வந்த நான்காம் நாளே ரயிலில் ஒரு பாட்டி, எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கும்போது எனக்குத் திருமங்கலம் பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வந்தது. இவ்வூர்ப் பாட்டிகள் இப்படிப் பையில் மிட்டாய் வைத்திருப்பது பேர்போன வழக்கம் என்று அலுவலகத்தில் பிறகு சொன்னார்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். மிக்ஸி அனுப்ப வேண்டாம். 230 வோல்ட்டுக்குச் செய்தது இங்குள்ள 100 வோல்ட்டில் அரைக்காது. பாட்டியின் அம்மி என்றால் டோக்கியோ, ஒசாகா இரண்டிலும் அரைக்கும், ஆனால் தபால் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே பருப்புப்பொடியை அங்கேயே இடித்து அனுப்பிவிடச் சொல்லுங்கள். பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்