பேச்சுப் பயிற்சி: எத்தனை முறை?

ஆசிரியருக்கு,

அரசு மையங்களில், பேச்சு சரியாக வராத குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளர்களின் பற்றாக்குறை குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். பற்றாக்குறை உண்மைதான். ஆனால் கிடைக்கும் அரை மணி நேரத்தில் குழந்தை எத்தனை முறை வாய் திறக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பேச்சு அப்ராக்சியா உள்ள குழந்தைக்குச் சொல் தெரியும். நாக்கையும் உதட்டையும் எந்த வரிசையில் அசைப்பது என்று திட்டமிடுவதில்தான் மூளை தடுமாறுகிறது. திரும்பத் திரும்பச் சொன்னால்தான் அது படியும். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கத்தின் 2007 அறிக்கை, வாரம் 3 முதல் 5 தனி அமர்வுகள் தேவை என்கிறது. இத்தகைய குழந்தைகளுக்கான சிட்னி பல்கலைக்கழகத்தின் 'ரெஸ்ட்' பயிற்சி முறையில் ஒரே அமர்வில் சுமார் 100 முறை சொல்ல வைக்கிறார்கள்.

இதே சிக்கல் உள்ள என் பேரனுக்கு வாரம் ஒரு நாள்தான் பயிற்சி. அதிலும் பாதி நேரம் படம் ஒட்டுவதில் போய்விடும் (பிள்ளையை உட்கார வைக்க அதுவும் கொஞ்சம் வேண்டும், சரி). அப்புறம் வந்த பயிற்சியாளர் என் மகளையும் உள்ளே அழைத்து, நாலைந்து சொற்களை வீட்டில் பழக்கச் சொல்லிக் கொடுத்தார். சில மாதங்களில் அவன் தண்ணீர் கேட்பது அடுத்த வீட்டாருக்கும் புரிந்தது. நீண்ட அமர்வைச் சிறு அமர்வுகளாகப் பிரிப்பதற்கும், பெற்றோரை உடன் வைத்துப் பழக்குவதற்கும், வருகையோடு அன்றைய முயற்சிகளின் எண்ணிக்கையையும் பதிவேட்டில் எழுதுவதற்கும் சுகாதாரத் துறை உத்தரவிடலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்